பிரிட்ஜிட் ஹார்ட்லி: கனூ ஸ்பிரின்ட்டில் ஆப்பிரிக்காவின் முதல் ஒலிம்பிக் பதக்கம் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லண்டன் 2012 என்றதும் நம் ஊர் விளையாட்டு ரசிகர்களுக்கு உசேன் போல்ட் நினைவுக்கு வருவார், ஃபெல்ப்ஸ் வருவார், மேரி கோம் வருவார். அதே ஒலிம்பிக்கில் ஒரு செயற்கை ஏரியில் தென்னாப்பிரிக்கப் பெண் ஒருவர் ஒரு கண்டத்தின் கணக்கையே தொடங்கி வைத்தார். அவரைப் பற்றித் தமிழில் எழுதப்பட்டது மிகக் குறைவு. கேள்விப்பட்டவர்கள் வழக்கமாகக் கேட்பவற்றை இங்கே ஒன்றாகச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

யார் இந்த பிரிட்ஜிட் ஹார்ட்லி?

தென்னாப்பிரிக்காவின் கயாக் வீராங்கனை. 1983 ஜூலை 14 அன்று ஜோகன்னஸ்பர்க்கை ஒட்டிய சாண்டனில் பிறந்தவர். பெய்ஜிங் 2008, லண்டன் 2012, ரியோ 2016 என மூன்று ஒலிம்பிக்குகளில் துடுப்பு பிடித்தவர். லண்டனில் பெண்கள் கே-1 500 மீட்டரில் வெண்கலம் வென்றார். கனூ ஸ்பிரின்ட்டில் ஆப்பிரிக்கர் ஒருவர் வாங்கிய முதல் ஒலிம்பிக் பதக்கம் அது. 2024 பாரிஸ் வரை இரண்டாவது பதக்கம் வரவில்லை.

இது ரோயிங்தானே? ஏன் வேறு பெயர்?

இல்லை, இரண்டும் வேறு வேறு விளையாட்டுகள். ரோயிங்கில் வீரர் போகும் திசைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பார். துடுப்பு படகின் ஓரத்தில் பூட்டப்பட்டிருக்கும், இருக்கை முன்னும் பின்னும் உருளும். கயாக்கில் போகும் திசையைப் பார்த்தே உட்கார வேண்டும். இரண்டு முனையிலும் அலகு வைத்த துடுப்பு கையில்தான் இருக்கும், எதிலும் பூட்டியிருக்காது. இருக்கையும் அசையாது.

கனூ என்பது மூன்றாவது வகை. ஒரு முழங்காலை மடித்து மண்டியிட்டு, ஒற்றை அலகுத் துடுப்பை ஒரே பக்கமாகப் போட்டு ஓட்டுவது. கயாக்கையும் கனூவையும் ஒரே சங்கம் நடத்துவதால் நேர்ப்பாதையில் நடக்கும் பந்தயங்கள் எல்லாவற்றுக்கும் கனூ ஸ்பிரின்ட் என்று பொதுப்பெயர். ஹார்ட்லி ஓட்டியது கயாக்.

கே-1 500 என்றால்?

கே என்பது கயாக். 1 என்பது படகில் இருப்பவர் எண்ணிக்கை. 500 மீட்டர் தூரம். விதிப்படி படகு 5.20 மீட்டருக்கு மேல் நீளம் இருக்கக்கூடாது, 12 கிலோவுக்குக் கீழே எடை இருக்கக்கூடாது. இந்தப் படகின் அடிப்பாகம் உருண்டையாக, மிகக் குறுகலாக இருக்கும். தண்ணீர் உரசுவதைக் குறைக்க அப்படிச் செய்கிறார்கள். அதற்கான விலையை ஓட்டுபவர் கொடுக்க வேண்டும். முதன்முதலில் ஏறி உட்காருபவருக்கு மிதக்கும் மூங்கில் கழியின்மேல் உட்கார்ந்த மாதிரி இருக்கும், துடுப்பை நீரில் வைக்கும் முன்பே கவிழ்ந்துவிடுவார். விழாமல் உட்காரப் பழகுவதற்கே பலருக்கு வாரக்கணக்கில் ஆகும்.

ஹார்ட்லி இந்த விளையாட்டுக்கு எப்படி வந்தார்?

கடல் வழியாக வந்தார். தென்னாப்பிரிக்கக் கடலோரங்களில் உயிர்காப்புப் பணி ஒரு போட்டி விளையாட்டாகவும் வளர்ந்திருக்கிறது. நீச்சல், மணலில் ஓட்டம், பலகையில் கை வீசிப் போவது, சர்ஃப்ஸ்கி என்ற நீண்ட ஒல்லியான படகை அலை முறியும் இடத்தைத் தாண்டி ஓட்டிப்போய்த் திரும்புவது எல்லாம் அதில் உண்டு. ஹார்ட்லியின் அடித்தளம் இதுதான்.

இந்தப் பின்னணி அவருக்குப் பெரிதும் கைகொடுத்தது என்று நினைக்கிறேன். அலையில் படகு ஓட்டுபவருக்குச் சமநிலை உடம்பில் ஊறிவிடும். கீழே தண்ணீர் அசையும்போது இடுப்பு தானாக ஈடுகொடுக்கும், மேல்உடம்பு அசையாது. காற்றடிக்கும் நாளில் ஏரியில் சிற்றலை எழும்போது, அமைதியான நீரில் மட்டுமே பழகியவர்கள் துடுப்பைத் தயங்கித் தயங்கி வைப்பார்கள். கடலில் பழகியவருக்கு அந்தத் தயக்கம் குறைவு. ஆனால் கடல் கற்றுத்தராத ஒன்று உண்டு. அதற்குத்தான் அவர் பிரிட்டோரியா போக வேண்டியிருந்தது.

பிரிட்டோரியாவில் கடலே இல்லையே?

கடல் இல்லை, அணை இருக்கிறது. நகரத்துக்கு வடகிழக்கில் பினார்ஸ் ஆற்றின் குறுக்கே ரூடப்ளாட் அணை. தென்னாப்பிரிக்காவின் ரோயிங் அணியும் கயாக் அணியும் பயிற்சி எடுக்கும் நீர்ப்பரப்பு அது. பிரிட்டோரியா பல்கலைக்கழகத்தின் உயர்திறன் விளையாட்டு மையமும் அதே ஊரில்தான். உடற்பயிற்சிக் கூடம், மருத்துவர், உணவு ஆலோசனை எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும். கடல்மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டருக்கு மேலே இருக்கும் பீடபூமி என்பதால் காற்றில் ஆக்சிஜன் சற்றுக் குறைவு. மூச்சுக்கு அதுவும் ஒரு பயிற்சி.

வசதிகளைச் சொன்னால் கஷ்டத்தையும் சொல்ல வேண்டும். கனூ ஸ்பிரின்ட்டின் பெரிய போட்டிகள் ஐரோப்பியக் கோடையில், மே முதல் ஆகஸ்ட் வரை நடக்கும். அப்போது பிரிட்டோரியாவில் குளிர்காலம். அந்தப் பீடபூமியில் ஜூன், ஜூலை விடியற்காலைகள் உறைநிலையைத் தொடும். துடுப்பிலிருந்து வழியும் தண்ணீர் கைமேலும் தொடைமேலும் விழுந்துகொண்டே இருக்கும். ஆண்டின் மிக முக்கியமான பந்தயத்துக்கு உடம்பை உச்சத்துக்குக் கொண்டுவர வேண்டிய மாதங்களில் இந்த நிலை. நம் ஏரிகளை மூடும் அதே ஆகாயத்தாமரை ரூடப்ளாட்டையும் விட்டுவைக்கவில்லை. அண்மை ஆண்டுகளில் அந்த அணையில் படகு ஓட்டுபவர்களுக்கு அது பெரிய தொல்லை.

யார் பயிற்சி கொடுத்தது?

நான்டோர் அல்மாஷி, ஹங்கேரிக்காரர். கயாக் உலகில் ஹங்கேரிக்கு இருக்கும் இடம் தெரிந்தால் இதன் அருமை புரியும். ஏறக்குறைய ஒரு கோடி மக்கள் உள்ள நாடு அது, கடற்கரை கிடையாது. ஆனால் டான்யூபும் டிஸாவும் அதன் வழியே ஓடுகின்றன. ஊருக்கு ஊர் படகுச் சங்கம், சிறு வயதிலேயே போட்டிகள், தலைமுறை தலைமுறையாகப் பயிற்சியாளர்கள். அந்தப் பள்ளியிலிருந்து வந்த ஒருவர் பிரிட்டோரியாவில் தங்கி ஒரு சிறு குழுவை வளர்த்தார். அந்தக் குழுவிலிருந்துதான் ஹார்ட்லி வந்தார்.

அப்படி என்ன கற்றுக்கொடுக்க முடியும்? துடுப்புப் போடுவதில் என்ன இருக்கிறது?

நிறைய இருக்கிறது.

வெளியிலிருந்து பார்த்தால் கைகள்தான் வேலை செய்வது போலத் தெரியும். கையால் இழுத்து ஓட்டுபவர் 200 மீட்டரிலேயே தளர்ந்துவிடுவார். உண்மையான விசை காலில் தொடங்குகிறது. வலப்பக்கம் துடுப்பை நீரில் இறக்கும்போது வலக்கால் படகுக்குள் இருக்கும் மிதிப்பலகையை அழுத்தும். அந்த அழுத்தத்தில் இடுப்பு திரும்பும், முதுகு திரும்பும், தோள் பின்னால் வரும். கை அந்த விசையைத் துடுப்புக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் இணைப்பு மட்டும்தான். அடுத்த நொடியிலேயே இடப்பக்கம் இதே வரிசை. இப்படி நிமிடத்துக்கு நூறு தடவைக்கு மேல்.

துடுப்பின் அலகும் தட்டையாக இருக்காது. 1980களின் நடுவில் ஸ்வீடனில் உருவான சிறகு வடிவ அலகைத்தான் இன்று எல்லோரும் பயன்படுத்துகிறார்கள். விமானச் சிறகு போல வளைந்திருக்கும். அதை நேராகப் பின்னால் இழுத்தால் பயன் இல்லை. படகை விட்டுச் சற்று விலகிச் சாய்வாகப் போக விட வேண்டும், அப்போதுதான் அது நீரைப் பிடித்துக்கொள்ளும். அந்தப் பிடி கிடைக்கும் கணத்தில் படகு துடுப்பை நோக்கி முன்னே போகிறது. நீர் பின்னால் தெறிக்கிறது என்றால் விசை வீணாகிறது என்று பொருள். நல்ல வீராங்கனையின் துடுப்பு சத்தமே இல்லாமல் உள்ளே இறங்கும்.

இதைச் சொல்லித் தெரிந்துகொள்வது எளிது. உடம்பில் ஏற்றுவதற்கு ஆண்டுகள் ஆகும். களைத்த உடம்பு பழைய பழக்கத்துக்கே திரும்பப் பார்க்கும், கடைசி 150 மீட்டரில் எல்லோரும் களைத்துத்தான் இருப்பார்கள். அந்த இடத்திலும் இடுப்பு திரும்புகிறதா, கால் அழுத்துகிறதா என்பதில்தான் பயிற்சியாளரின் உழைப்பு தெரியும்.

லண்டனுக்கு முன்பே பதக்கம் வென்றாரா?

வென்றார். 2009இல் கனடாவின் நோவா ஸ்கோஷியா மாகாணத்தில் டார்ட்மத் நகரின் பானுக் ஏரியில் உலகச் சாம்பியன்ஷிப் நடந்தது. அங்கே கே-1 1000 மீட்டரில் வெண்கலம். பெய்ஜிங் ஒலிம்பிக் அனுபவத்துக்கு மறு ஆண்டு அது.

அப்படியானால் ஒலிம்பிக்கிலும் 1000 மீட்டரே ஓட்டியிருக்கலாமே?

பெண்களுக்கு ஒலிம்பிக்கில் கே-1 1000 மீட்டர் கிடையாது. அந்தத் தூரம் ஆண்களுக்கு மட்டும்.

இந்த விளையாட்டில் பெண்களுக்குக் கிடைத்த இடம் எப்போதும் சிறியதாகவே இருந்தது. 1936 பெர்லினில் கனூ ஸ்பிரின்ட் ஒலிம்பிக்குக்குள் வந்தது, பெண்களுக்கு எதுவும் இல்லை. 1948 லண்டனில் கே-1 500 மட்டும் கொடுத்தார்கள். 2012 லண்டனில்கூட மொத்தம் 12 பந்தயங்களில் ஆண்களுக்கு 8, பெண்களுக்கு 4. டோக்கியோவில்தான் ஆறுக்கு ஆறு என்று சமமானது. பெண்கள் மண்டியிட்டு ஓட்டும் கனூவும் அப்போதுதான் முதன்முதலாகச் சேர்ந்தது.

ஆகவே ஆயிரம் மீட்டரில் உலகப் பதக்கம் வென்ற ஹார்ட்லி, அதில் பாதித் தூரத்துக்கு உடம்பை மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. தாங்கும் சக்தி இருந்தது, வெடித்துக் கிளம்பும் வேகத்தைச் சேர்க்க வேண்டும். அவருடைய மிகச் சிறந்த தூரம் ஒலிம்பிக்கில் இல்லாதபோதும் பதக்கம் வென்றார் என்பதைப் பலர் கவனிப்பதே இல்லை. எனக்கு இதுதான் அவருடைய சாதனையின் பெரிய பகுதியாகப் படுகிறது.

2012 இறுதிப் போட்டியில் என்ன நடந்தது?

இடம், ஈட்டன் டோர்னி. லண்டனுக்கு மேற்கே ஈட்டன் கல்லூரிக்குச் சொந்தமான, 2,200 மீட்டர் நீளமுள்ள வெட்டப்பட்ட ஏரி. நாள், ஆகஸ்ட் 9.

பக்கத்துப் பாதைகளில் யார் யார் இருந்தார்கள் என்று பார்த்தால்தான் அந்தப் பந்தயத்தின் கனம் தெரியும். 2008இல் இதே போட்டியில் தங்கம் வென்ற உக்ரைனின் இன்னா ஒசிபென்கோ-ரதோம்ஸ்கா இருந்தார். 2000 சிட்னியில் தங்கம், 2004, 2008 இரண்டிலும் வெள்ளி வென்ற இத்தாலியின் யோசெஃபா இடெம் இருந்தார். பெய்ஜிங்கில் இடெம் தங்கத்தைத் தவறவிட்டது 0.004 நொடியில். லண்டனில் அவருக்கு வயது 47, அது அவருடைய எட்டாவது ஒலிம்பிக். 1984 லாஸ் ஏஞ்சலஸில் அவர் தன் முதல் ஒலிம்பிக் பதக்கத்தை வாங்கியபோது ஹார்ட்லிக்கு ஒரு வயது. இவர்களோடு ஹங்கேரியின் டனூட்டா கோசாக். பின்னாளில் ரியோவிலும் இதே தங்கத்தை வென்றவர்.

ஹார்ட்லிக்கு வயது 29. இந்தப் போட்டியில் அதுவரை பதக்கம் வாங்கியவர்களில் ஐரோப்பாவுக்கு வெளியே இருந்து வந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

முடிவு இப்படி வந்தது. கோசாக் 1:51.456. ஒசிபென்கோ-ரதோம்ஸ்கா 1:52.685. ஹார்ட்லி 1:52.923. இடெம் ஐந்தாவது.

இந்த எண்களைத் தூரமாக்கிப் பாருங்கள். ஹார்ட்லியின் சராசரி வேகம் நொடிக்கு 4.4 மீட்டருக்குச் சற்று மேல், அதாவது மணிக்கு ஏறக்குறைய 16 கிலோமீட்டர். அந்த வேகத்தில் கோசாக்குக்கும் அவருக்கும் இருந்த இடைவெளி ஆறரை மீட்டர், ஒரு படகு நீளத்தைவிடக் கொஞ்சம் அதிகம். தங்கம் அன்று எட்டாத தூரத்தில் இருந்தது. ஆனால் வெள்ளிக்கும் அவருக்கும் நடுவே 0.238 நொடிதான், தண்ணீரில் ஒரு மீட்டர். நடப்பு ஒலிம்பிக் சாம்பியன் ஒரு மீட்டர் முன்னால், முன்னாள் சாம்பியன் பின்னால்.

ஆகஸ்ட் 9க்குத் தனிச் சிறப்பு உண்டு என்கிறார்களே?

உண்டு. தென்னாப்பிரிக்காவில் அது தேசிய மகளிர் நாள். 1956 ஆகஸ்ட் 9 அன்று, கறுப்பினப் பெண்களும் அடையாளப் பாஸ் வைத்திருக்க வேண்டும் என்ற நிறவெறி அரசின் சட்டத்தை எதிர்த்து, ஏறக்குறைய 20,000 பெண்கள் பிரிட்டோரியாவின் யூனியன் கட்டடத்துக்கு ஊர்வலமாகப் போனார்கள். லிலியன் இங்கோயி, ஹெலன் ஜோசஃப், சோஃபியா வில்லியம்ஸ், இந்திய வம்சாவளியைச் சேர்ந்த ரஹீமா மூஸா ஆகியோர் முன்னின்று நடத்தினார்கள். அந்த நாளின் நினைவாக வந்த விடுமுறை நாளில், அதே பிரிட்டோரியாவில் பயிற்சி எடுத்த ஒரு பெண் பதக்கம் வென்றார் என்பது அந்நாட்டு மக்களுக்குத் தனி மகிழ்ச்சி.

மூன்றாம் இடத்துக்கு இத்தனை கொண்டாட்டமா?

லண்டனில் தென்னாப்பிரிக்கா மொத்தம் ஆறு பதக்கம் வென்றது. அந்த ஆறில் ஒரே வெண்கலம் இது. நான்கு ஆண்டுகளுக்கு முன் பெய்ஜிங்கில் நாடு முழுவதற்கும் கிடைத்தது ஒரே ஒரு வெள்ளி. அந்த ஏமாற்றத்துக்குப் பின் வந்த ஒவ்வொரு பதக்கமும் அவர்களுக்குப் பெரியதுதான்.

இன்னொன்றும் உண்டு. இதே ஈட்டன் டோர்னியில், ஒரு வாரம் முன்பு ஆகஸ்ட் 2 அன்று, தென்னாப்பிரிக்காவின் எடை குறைந்த நால்வர் ரோயிங் அணி தங்கம் வென்றிருந்தது. சிஸ்வே இண்ட்லோவு, மேத்யூ பிரிட்டன், ஜான் ஸ்மித், ஜேம்ஸ் தாம்ப்சன். அவர்களும் ரூடப்ளாட்டில் துடுப்பு வலித்தவர்களே. ஒரே அணையிலிருந்து இரண்டு ஒலிம்பிக் பதக்கம் ஒரே வாரத்தில் வந்தால் அதை அதிர்ஷ்டம் என்று சொல்லக்கூடாது. தண்ணீர், மையம், பயிற்சியாளர் மூன்றும் பல ஆண்டுகள் ஒரே இடத்தில் நிலைத்திருந்ததன் பலன் அது.

டோகோ நாட்டுக்காரர் ஒருவர் இவருக்கு முன்பே பதக்கம் வென்றாரே?

பென்ஜமின் புக்பெட்டியைக் கேட்கிறீர்கள். 2008 பெய்ஜிங்கில் அவர் வென்றது ஸ்லாலம் வகையில். சீறிப் பாயும் நீரில் தொங்கும் கம்பங்களுக்கு இடையே வளைந்து வளைந்து போகும் போட்டி அது. பிரான்சில் பிறந்து வளர்ந்த அவர், தந்தையின் நாடான டோகோவுக்காகக் களமிறங்கி வெண்கலம் வென்றார். டோகோவின் முதல் ஒலிம்பிக் பதக்கமே அதுதான். வென்ற மகிழ்ச்சியில் துடுப்பைப் படகின்மேல் அடித்து இரண்டாக உடைத்த காட்சி உலகம் முழுவதும் பரவியது. ஸ்லாலத்தில் முதல் பதக்கம் அவருடையது, ஸ்பிரின்ட்டில் ஹார்ட்லியுடையது. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

தென்னாப்பிரிக்காவில் படகு என்றால் டூசி மாரத்தான்தானே புகழ்பெற்றது?

ஆமாம். ஸ்பிரின்ட்டின் சிக்கலும் அங்கேதான் இருக்கிறது.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் தொடங்கி டர்பன் கடற்கரையில் முடியும் ஏறக்குறைய 120 கிலோமீட்டர் ஆற்றுப் பந்தயம் டூசி. (1893இல் காந்தியை ரயிலிலிருந்து இறக்கிவிட்ட அதே பீட்டர்மாரிட்ஸ்பர்க்தான். டர்பன் நம் தமிழ் முன்னோர்கள் கரும்புத் தோட்ட வேலைக்குப் போய் இறங்கிய ஊர்.) 1951இல் முதல் பந்தயத்தில் எட்டுப் பேர் கிளம்பினார்கள். வழியில் பாம்பு கடித்தும் விடாமல் ஆறு நாள் ஓட்டி முடித்தவர் இயன் பிளேயர் ஒருவரே. இன்று மூன்று நாள் பந்தயமாக நடக்கிறது. பாறைகள் நிறைந்த இடங்களில் படகைத் தோளில் தூக்கிக்கொண்டு மலைச்சரிவில் ஓட வேண்டும். அந்நாட்டின் பெரும்பாலான படகு வீரர்களின் கனவு இதுதான். ஹேங்க் மெக்ரெகர், ஆண்டி பிர்கெட் போன்ற மாரத்தான் உலகச் சாம்பியன்கள் அந்த மரபில் வந்தவர்கள்.

மாரத்தானில் முன்னால் போகும் படகு எழுப்பும் பக்க அலையில் ஏறிக்கொண்டு சக்தியை மிச்சப்படுத்துவது பெரிய கலை. ஸ்பிரின்ட்டில் அது குற்றம். ஒவ்வொருவருக்கும் ஒன்பது மீட்டர் அகலப் பாதை, அதன் நடுவிலேயே போக வேண்டும், அடுத்தவர் அலையைத் தொடக்கூடாது. மறைந்துகொள்ள இடமே இல்லை. ஒரு விளையாட்டின் சிறந்த சாமர்த்தியம் இன்னொன்றில் தகுதிநீக்கத்துக்குக் காரணமாகும். ஆகவே ஆற்றில் எத்தனை பெரிய வீரர்கள் இருந்தாலும் அவர்கள் தானாக ஸ்பிரின்ட்டுக்கு வந்துவிட மாட்டார்கள். அணையில் உட்கார்ந்து ஒரே நேர்க்கோட்டில் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ஓட்டத் தயாராக இருக்கும் சிலர் வேண்டும். ஹார்ட்லி அந்தச் சிலரில் ஒருவர். பின்னாட்களில் அவரும் டூசியில் இறங்கினார்.

இது வெள்ளையர்களின் விளையாட்டாகத்தானே இருக்கிறது?

நீண்ட காலம் அப்படித்தான் இருந்தது. படகின் விலை, சங்க உறுப்பினர் கட்டணம், அணைக்கரையில் யாரை விட்டார்கள், யாரை விடவில்லை என்ற நிறவெறிக் கால வரலாறு எல்லாம் சேர்ந்த விளைவு. அதே நிறவெறியால்தான் 1964 முதல் 1988 வரை தென்னாப்பிரிக்காவே ஒலிம்பிக்கில் இல்லை, 1992இல்தான் திரும்பியது. மாற்றம் நடக்கிறது, ஆனால் மெதுவாக. ஜோகன்னஸ்பர்க்கை ஒட்டிய கறுப்பினக் குடியிருப்புப் பகுதியான சொவெட்டோவில் பிள்ளைகளுக்குப் படகு ஓட்டக் கற்றுத்தரும் சங்கம் இயங்குகிறது. 2014 டூசியில் ஆண்டி பிர்கெட்டுடன் ஒரே படகில் வென்ற ஸ்போனேலோ க்வேலா, அந்தப் பந்தயத்தை வென்ற முதல் கறுப்பினத்தவர். ஸ்பிரின்ட்டில் அந்த மாற்றம் இன்னும் ஒலிம்பிக் மேடைவரை எட்டவில்லை. எட்டும் நாளுக்காகக் காத்திருக்கிறேன்.

ஆப்பிரிக்காவிலிருந்து ஒலிம்பிக்குக்குத் தகுதி பெறுவது எளிதா?

ஒலிம்பிக்குக்கு முந்தைய ஆண்டு உலகச் சாம்பியன்ஷிப்பில்தான் பெரும்பாலான இடங்கள் முடிவாகும். மிஞ்சியவை கண்டவாரியான தகுதிப் போட்டிகளில். ஆப்பிரிக்கத் தகுதிப் போட்டி உலகப் போட்டியைவிட எளிது என்பது உண்மை. ஆனால் தென்னாப்பிரிக்கருக்கு உள்ளூரில் இன்னொரு தடை உண்டு. கண்டத் தகுதியை மட்டும் வைத்து அனுப்ப மாட்டோம் என்று அந்நாட்டு ஒலிம்பிக் குழு கடுமையாக நின்ற காலம் இருந்தது. 2016இல் ஆப்பிரிக்க வழியே தகுதி பெற்ற ஆண்கள், பெண்கள் ஹாக்கி அணிகள் இரண்டையும் ரியோவுக்கு அனுப்பவில்லை. இளம் வீரர் ஒருவர் கடைசி இடத்தில் வந்தாலும் பரவாயில்லை, ஒரு ஒலிம்பிக்கைத் தொட்டுப் பார்த்தால் அடுத்ததில் அரையிறுதி போவார் என்றே நான் கருதுகிறேன். ஹார்ட்லியே பெய்ஜிங்கில் வெறுங்கையோடு திரும்பியவர்தான்.

ரியோவில் என்ன ஆயிற்று?

ரோட்ரிகோ டி ஃப்ரெய்டாஸ் உப்பங்கழியில் நடந்த கே-1 500இல் பதக்கத்துக்கான இறுதிக்கு அவரால் போக முடியவில்லை. கோசாக் மீண்டும் தங்கம் வென்றார். அப்போது ஹார்ட்லிக்கு வயது 33.

ஆப்பிரிக்காவில் வேறு யாரெல்லாம் கவனிக்கத்தக்கவர்கள்?

சிறு தீவு நாடான சாவோ டோமே பிரின்சிபி 2016 ஒலிம்பிக் தொடக்க விழாவில் தன் கொடியை ஒரு கனூ வீரரிடம்தான் கொடுத்தது. அவர் பெயர் பூலி திரிஸ்தே. நைஜீரியாவின் அயோமிடே பெல்லோ, டோக்கியோவில் பெண்களுக்கு முதன்முறையாகத் திறந்த சி-1 (ஒருவர் ஓட்டும் கனூ) 200 மீட்டரில் போட்டியிட்டார். அங்கோலா, துனிசியா, எகிப்து நாடுகளும் தொடர்ந்து படகுகளை அனுப்புகின்றன. தனி ஆட்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பின்னால் பத்து ஆண்டு நிலைத்து நிற்கும் பயிற்சியாளரும் குழுவும் பல இடங்களில் இல்லை. அல்மாஷி போல ஒருவர் ஒரே அணைக்கரையில் தங்கியதால் என்ன நடந்தது என்று 2012 காட்டியது. அதே மாதிரி இன்னும் நான்கைந்து இடங்களில் நடந்தால் இரண்டாவது பதக்கம் வரும்.

ஒரு கயாக் பந்தயத்தைப் பார்க்க உட்கார்ந்தால் எதைக் கவனிக்க வேண்டும்?

முதலில் தொடக்கம். படகின் மூக்குகளை ஒரு கருவி நீருக்குள் பிடித்து வைத்திருக்கும். 'கோ' என்றதும் அது கீழே இறங்கும். அந்த முதல் சில துடுப்புகளில் படகு தூக்கி எழுகிறதா, தடுமாறுகிறதா என்று பாருங்கள். பிறகு நடுப்பகுதி. முன்னணியில் இருப்பவரைவிட, துடுப்பு வேகத்தைக் கூட்டாமலே நகர்ந்து முன்னேறுபவரைத் தேடுங்கள், நீர் தெறிக்காமல் ஓட்டுபவர் பெரும்பாலும் அவர்தான். கடைசி 100 மீட்டரில் முகங்களைப் பார்க்காமல் தோள்களைப் பாருங்கள். தோள் திரும்புவது நின்று கை மட்டும் இழுக்கத் தொடங்கியவர் பின்தங்கப் போகிறார்.

இறுதிப் போட்டியை மட்டும் பார்க்கும் வழக்கம் நம்மில் பலருக்கு. ஆப்பிரிக்கப் படகுகளைப் பார்க்க வேண்டுமென்றால் தகுதிச் சுற்றும் அரையிறுதியும் நடக்கும் நாளில் உட்காருங்கள். 2028இல் லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக். அங்கே போக வேண்டியவர்களில் சிலர் இப்போதே ரூடப்ளாட்டிலும் நைஜர் ஆற்றின் கழிமுகத்திலும் துடுப்பு போட்டுக்கொண்டிருப்பார்கள்.